வின்ஹெக்: ட்ரைவர் சிக்கலைச் சுற்றி எழுந்த ஒரு மாநாடு

1990களின் தொடக்கத்தில் கணினிக்குள் ஒரு சவுண்ட் கார்டைப் பொருத்துகிறவர் முதலில் கையில் எடுப்பது திருப்புளி. அடுத்து ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும். எந்தக் கார்டு எந்த ஐ.ஆர்.க்யூ. எண்ணைப் பிடித்துவைத்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளாமல் வேலை நடக்காது. ஐ.ஆர்.க்யூ. என்பது ஒரு கார்டு “என்னைக் கவனி” என்று பிராசஸரைக் கூப்பிடும் கம்பி. இரண்டு சிப்புகளைக் கோத்துத்தான் 16 கம்பிகள் கிடைத்தன. கோப்பதற்கே ஒன்று போய்விடும். மிச்சமுள்ள 15-ல் கடிகாரம், கீபோர்டு, ஃபிளாப்பி, ஹார்டு டிஸ்க், பிரிண்டர் என்று பங்கு பிரித்தபின் புதிதாக வருகிறவருக்கு நாலைந்துதான் தேறும். சீரியல் போர்ட் ஒன்றும் மூன்றும் 4-ஆம் எண்ணைப் பகிர்ந்துகொண்டன. மவுஸை முதலாவதிலும் மோடத்தை மூன்றாவதிலும் வைத்துவிட்டால், மோடம் டயல் செய்யத் தொடங்கியதும் மவுஸ் அப்படியே உறைந்துவிடும். சவுண்ட் பிளாஸ்டர் கார்டு 5 அல்லது 7 கேட்கும், 7 பிரிண்டருடையது. எண்ணைத் தேர்ந்தெடுக்கக் கார்டின் மேலுள்ள குட்டி ஜம்பரை நகத்தால் பிடுங்கி அடுத்த முள்ளில் மாட்டி, பெட்டியை மூடாமலேயே கணினியை ஓட்டிப் பார்த்து, சரிவராவிட்டால் மறுபடியும் அணைத்து, மறுபடியும் ஜம்பர். சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வந்த பாகங்களைக் கோத்துப் பழகிய தலைமுறைக்கு இந்தப் பாடு நன்றாகவே தெரியும்.

இந்தக் குழப்பத்துக்குப் பொறுப்பேற்க ஆள் இல்லை என்பதுதான் அன்றைய நிலை. பி.சி.யைப் பெற்றெடுத்த ஐ.பி.எம். 1987-லேயே மைக்ரோ சேனல் என்ற புதிய பஸ்ஸை, அதாவது கார்டுகளும் கணினியும் பேசிக்கொள்ளும் பாதையை, கொண்டுவந்து ஜம்பர்களை ஒழித்துக் காட்டியிருந்தது. ஆனால் அதைப் பயன்படுத்த உரிமத்தொகை கேட்டது. போட்டி நிறுவனங்கள் காம்பாக் தலைமையில் சேர்ந்து 1988-ல் ஈசா என்ற மாற்றுப் பஸ்ஸை அறிவித்தன. இரண்டுமே பொதுச் சந்தையைப் பிடிக்கவில்லை. ஐ.பி.எம்.மின் 1984-ஆம் ஆண்டு ஏ.டி. மாதிரியில் வந்த பழைய ஐசா பஸ்ஸின் ஸ்லாட்தான் (கார்டைச் செருகும் இடம்) கோடிக்கணக்கான கணினிகளில் தொடர்ந்தது. தாய் நிறுவனம் கைவிட்ட பிள்ளையை ஊரே வளர்த்தது. ஊர் வளர்த்ததால் ஆளுக்கொரு பழக்கம்.

மவுஸ் போன்ற சிலவற்றைத் தவிர அன்று வன்பொருள் என்று சொல்லும்படி எதையும் செய்யாத மைக்ரோசாஃப்டுக்கு இது ஏன் தலைவலி ஆனது? 1992 ஏப்ரலில் விண்டோஸ் 3.1 வெளியானது. கார்டு செய்தவர் தைவானில் இருக்கலாம், அந்தக் கார்டோடு பேச விண்டோஸுக்குக் கற்றுத்தரும் மென்பொருளான ட்ரைவரை எழுதியவர் கலிஃபோர்னியாவில் இருக்கலாம். கணினி முடங்கும்போது திரையில் தெரிவது விண்டோஸின் பெயர் மட்டுமே. பழி தன் தலையில் விழும், திருத்தும் அதிகாரம் வேறு யாரிடமோ இருக்கும். வின்ஹெக் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட விண்டோஸ் வன்பொருள் பொறியியல் மாநாடு அதே 1992-ல் இந்த நிலையிலிருந்துதான் பிறந்தது. 2008 வரை ஆண்டுதோறும் நடந்து, ஆறாண்டு காணாமல் போய், பிறகு வேறொரு கண்டத்தில் மீண்டும் தலைகாட்டியது. இந்த ஆய்வில் நான் பார்க்க விரும்புவது ஒன்றுதான்: கணினியைத் தானே செய்யாத ஒரு நிறுவனம், செய்கிறவர்களை எல்லாம் தன் எழுத்துக்குக் கட்டுப்பட வைத்தது எப்படி, அந்தப் பிடி எப்போது தளர்ந்தது?

வந்தவர்கள் பொதுமக்கள் அல்லர். சிப் வடிவமைப்பவர்கள், கணினியை முதலில் எழுப்பும் பயாஸ் நிரலை எழுதுகிறவர்கள், கிராஃபிக்ஸ் கார்டு செய்கிறவர்கள், பிரிண்டர் நிறுவனத்தின் ட்ரைவர் குழுவினர், மதர்போர்டு ஆலைக்காரர்கள். முதலில் மேடைப்பேச்சு. அதன்பின் கிளைகிளையாகப் பிரியும் தொழில்நுட்ப அமர்வுகள். அடுத்த விண்டோஸ் என்ன கேட்கப்போகிறது என்பதை ஒன்றிரண்டு ஆண்டு முன்கூட்டியே தெரிந்துகொள்வதற்காகத்தான் பணம் கட்டி வந்தார்கள். சிப் ஒன்றை வரைந்து ஆலையிலிருந்து எடுக்க அவ்வளவு காலம் பிடிக்கும். மென்பொருள்காரருக்குத் தெரியாத ஒரு நெருக்கடி இது. சிலிக்கனில் செய்த தப்பை இரவோடு இரவாகத் திருத்தி அனுப்ப முடியாது.

ஜம்பரை ஒழித்த கதை

1993-ல் மாநாட்டின் பேசுபொருள் பிளக் அண்ட் பிளே. செருகினால் போதும், மற்றதைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்பது வாக்குறுதி. அதே ஆண்டு மே மாதம் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து ஐசா கார்டுகளுக்கான விதித்தொகுப்பின் முதல் பதிப்பை வெளியிட்டன.

அதன் உள்வேலை எனக்கு இன்றும் வியப்பு. ஒரே மதர்போர்டில் நாலு புதுக் கார்டுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலுக்கும் ஒரே முகவரி, ஒன்றுக்கும் இன்னும் பெயர் வைக்கவில்லை. ஒன்றை மட்டும் தனியே கூப்பிடுவது எப்படி? ஒவ்வொரு கார்டுக்குள்ளும் 72 பிட் நீள அடையாளம் பொறிக்கப்பட்டிருக்கும். 64 பிட் எண், 8 பிட் சரிபார்ப்பு. கணினி முதல் பிட்டைக் கேட்கும். அந்தப் பிட் 1 ஆக உள்ள கார்டுகள் பஸ்ஸில் குரல் கொடுக்கும். 0 ஆக உள்ளவை பேசாமல் கவனிக்கும். வேறு யாரோ பேசுவது கேட்டால் அந்தச் சுற்றிலிருந்து விலகிக்கொள்ளும். இப்படி 72 பிட்டும் முடிகிறபோது ஒரே ஒரு கார்டு மிஞ்சும். அதற்கு ஒரு எண்ணைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, மற்றவற்றோடு மறுபடி முதலிலிருந்து. புதிய கம்பி ஒன்றுகூடச் சேர்க்கவில்லை, புதிய ஸ்லாட் இல்லை. பத்தாண்டுப் பழைய பஸ்ஸின் மேலேயே இதைச் சாதித்தார்கள். மைக்ரோ சேனல் தோற்ற இடத்தில் இது வென்றதற்கு, யாருடைய பழைய பொருளையும் குப்பைக்கு அனுப்பச் சொல்லவில்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன்.

பழைய பொருளை விட்டுவைத்ததுதான் வலியும் ஆனது. ஜம்பர் வைத்த பழைய கார்டு இந்தக் கேள்வி பதிலில் கலந்துகொள்ளாது. தான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லாமல் ஓர் எண்ணைப் பிடித்து உட்கார்ந்திருக்கும். 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தபோது, செருகிவிட்டுச் சாமியைக் கும்பிடு என்று பொருள்படும் கேலிப் பெயர் உலகம் முழுக்கப் பரவியதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கலப்புக் கணினிகள்தாம்.

பயாஸிடமிருந்து பறித்த அதிகாரம்

1996-ல் சான் ஹோசேயில் நடந்த மாநாட்டை இந்த வரலாற்றின் நடுத்தூண் என்பேன். ஆன்நவ் என்ற திட்டம் அங்கே முன்வைக்கப்பட்டது. கணினி அணைந்ததுபோல் கிடக்க வேண்டும், பொத்தானைத் தொட்டால் தொலைக்காட்சிபோல் உடனே விழிக்க வேண்டும். கேட்க எளிய ஆசை. அதற்குள் இருந்தது பெரிய இடமாற்றம்.

அதுவரை மின்சாரச் சிக்கனம் பயாஸின் வேலை. ஏ.பி.எம். என்ற அந்த ஏற்பாட்டில், பயனர் எதையும் தொடவில்லை என்று பயாஸுக்குத் தோன்றினால் அதுவே டிஸ்க்கை நிறுத்தும். விண்டோஸ் அப்போது கோப்பு எழுதிக்கொண்டிருக்கிறதா, மோடம் வழியாக ஃபேக்ஸ் வந்துகொண்டிருக்கிறதா என்பது பயாஸுக்குத் தெரியாது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. இதைத் தலைகீழாக்கியது. மதர்போர்டு செய்தவர் தன் பலகையில் எதை எப்படி அணைப்பது, எதை எப்படி எழுப்புவது என்பதைச் சிறு கட்டளை மொழியில் எழுதி அட்டவணையாக வைத்துவிடுவார். எப்போது அணைப்பது என்ற முடிவு இயங்குதளத்தினுடையது. லேப்டாப்பை மூடினால் தூங்கித் திறந்தால் எழும் வேலையும் இப்படி இயங்குதளத்தின் கைக்கு வந்தது.

சரியான முடிவுதான். முடிவெடுக்கத் தேவையான செய்தி யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் அதிகாரமும் இருக்க வேண்டும். ஆனால் இதன் மறுபக்கத்தையும் பதிவுசெய்யாமல் போக முடியாது. மதர்போர்டு ஆலைகள் தங்கள் அட்டவணையை விண்டோஸில் ஓட்டிப் பார்த்து, ஓடினால் அனுப்பிவிட்டன. விதித்தொகுப்பில் எழுதியிருந்தது ஒன்று, விண்டோஸ் பொறுத்துக்கொண்டது ஒன்று; நடைமுறையில் இரண்டாவதே விதி ஆனது. இன்னொரு இயங்குதளமான லினக்ஸைக் கட்டியவர்கள் பல ஆண்டு இதனோடு மல்லுக்கட்டினார்கள். “நீ எந்த இயங்குதளம்?” என்று பயாஸ் கேட்கும்போது தன்னை விண்டோஸ் என்றே லினக்ஸ் சொல்லிக்கொள்ள வேண்டிய நிலை வந்தது, இன்றும் அப்படித்தான். அயோவா மாநிலத்தில் மைக்ரோசாஃப்ட் மீது நடந்த ஏகபோக வழக்கில் 1999 ஜனவரியில் பில் கேட்ஸ் எழுதிய ஒரு மின்னஞ்சல் வெளிச்சத்துக்கு வந்தது. ஏ.சி.பி.ஐ. நீட்சிகளை விண்டோஸுக்கு மட்டும் உரியவையாக ஆக்க முடியாதா என்று அதில் அவர் யோசித்திருந்தார். பொது விதி எழுதும் மேசையில் ஒருவர் மட்டும் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் இப்படிப்பட்ட யோசனை வரத்தான் செய்யும். அந்த விதித்தொகுப்பு 2013-ல், பல நிறுவனங்கள் சேர்ந்த யு.இ.எஃப்.ஐ. மன்றத்தின் கைக்குப் போனது. அப்போது அதற்கு வயது 16 தாண்டியிருந்தது.

நிறத்தில் தெரியும் சுவடு

விதிகளை ஆலைக்காரர்கள் ஏன் கேட்டார்கள்? பெட்டியின் மேல் ஒட்டும் விண்டோஸ் லோகோவுக்காக. லோகோ வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்டின் பரிசோதனைக்கூடத் தேர்வில் தேற வேண்டும். எதில் தேற வேண்டும் என்பது பி.சி. 97, பி.சி. 98, பி.சி. 99, பி.சி. 2001 என்று வரிசையாக வந்த வடிவமைப்புக் கையேடுகளில் இருந்தது. வின்ஹெக் அமர்வுகள் பலவும் இந்தக் கையேடுகளின் விளக்கவுரைகளாகவே அமைந்தன. பி.சி. 98 முதல் இன்டெலும் இணை ஆசிரியர்.

கையேடுகளைப் படித்திராதவர்களும் அவற்றின் ஒரு பக்கத்தைப் பார்த்திருப்பார்கள். கணினியின் பின்புறத்தில் கீபோர்டு துளை ஊதா, மவுஸ் துளை பச்சை, மைக் இளஞ்சிவப்பு, ஸ்பீக்கர் எலுமிச்சைப் பச்சை, மானிட்டர் துளை நீலம். பி.சி. 99 இந்த நிறங்களை முழுமையாக வரையறுத்தது. எத்தனையோ பெரிய அறிவிப்புகள் காற்றில் போயின. மேசைக்கு அடியில் குனிந்து ஒயர் மாட்டுகிறவருக்கு உதவிய இந்தச் சின்ன ஏற்பாடு நின்றுவிட்டது. பல மதர்போர்டுகளில் ஒலித் துளைகளுக்கு இன்றும் அதே நிறம். வின்ஹெக் உலகுக்குத் தந்ததில் அதிகம் பேர் தொட்டுப் பயன்படுத்தியது இதுவாகத்தான் இருக்கும்.

பி.சி. 99 ஐசா ஸ்லாட்டை வேண்டாம் என்று வற்புறுத்தியது. பி.சி. 2001 அடியோடு தடைசெய்தது. அந்த வரிசையில் கடைசிக் கையேடு அதுதான்.

இரண்டு உலகம், ஒரு ட்ரைவர்

யு.எஸ்.பி.யின் முதல் பதிப்பு 1996 ஜனவரியில் வந்தது. விண்டோஸ் 98 அதை மக்களிடம் கொண்டுபோகும் என்பது திட்டம். 1998 ஏப்ரல் 20 அன்று சிகாகோவில் காம்டெக்ஸ் கண்காட்சி மேடையில், பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, உதவியாளர் ஒரு ஸ்கேனரைச் செருகினார். திரை நீலமாகிக் கணினி முடங்கியது. அரங்கம் சிரித்தது. இது வின்ஹெக்கில் நடந்ததல்ல. என்றாலும் வின்ஹெக் எதற்காக இருந்தது என்பதை அந்தச் சில நொடிகளைவிடத் தெளிவாக விளக்க முடியாது. ஸ்கேனர் ஒருவருடையது, ட்ரைவர் இன்னொருவருடையது, நீலத்திரை விண்டோஸுடையது.

அன்று வன்பொருள்காரர்களுக்கு இன்னொரு சுமையும் இருந்தது. வீட்டுக்கு விண்டோஸ் 95, 98, அலுவலகத்துக்கு விண்டோஸ் என்.டி. இரண்டின் உள்ளமைப்பும் வேறு. ஒரே கார்டுக்கு இரண்டு ட்ரைவர் எழுத வேண்டும். சிறிய நிறுவனங்கள் என்.டி. ட்ரைவரைத் தள்ளிப்போட்டன, அல்லது எழுதாமலே விட்டன. இதற்கு மருந்தாகத்தான் டபிள்யூ.டி.எம். என்ற பொது ட்ரைவர் மாதிரி மாநாடுகளில் திரும்பத் திரும்பப் பேசப்பட்டது. ஒருமுறை எழுதினால் விண்டோஸ் 98-லும், என்.டி. வழியில் வந்த விண்டோஸ் 2000-லும் ஓடும் என்பது அதன் நோக்கம். அடுத்த வீட்டு விண்டோஸ் என்.டி. வழியிலேயே வந்துவிடும் என்று தொழிலில் எல்லோரும் காத்திருந்தார்கள். 1999 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸ் வின்ஹெக் மேடையில் மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மர் வேறு செய்தி சொன்னார்: 98-ஐ அடியாகக் கொண்டு இன்னொரு பதிப்பு வரும். அதுவே 2000 செப்டம்பரில் விண்டோஸ் மீ என்ற பெயரில் வந்தது. இரண்டு உலகமும் ஒன்றானது 2001 அக்டோபரில், விண்டோஸ் எக்ஸ்பி-யில்.

எக்ஸ்பி ஒரு புதிய வசதியோடு வந்தது. கணினி முடங்கினால், பயனர் சம்மதித்தால், முடக்கத்தின் தடயம் மைக்ரோசாஃப்டுக்குப் போகும். முதல்முறையாகக் குற்றவாளி யார் என்று எண்ணிப் பார்க்க முடிந்தது. எக்ஸ்பி-யில் பதிவான முடக்கங்களில் 85 விழுக்காடு ட்ரைவர்களால் நேர்ந்தவை என்று 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை குறிப்பிட்டது. பத்தாண்டாக மாநாட்டில் சொல்லிவந்த குறைக்கு எண் கிடைத்துவிட்டது.

2002 சியாட்டில்: ஒரு சில வரிகள்

2002 ஏப்ரல் 18 அன்று சியாட்டில் மாநாட்டில் பில் கேட்ஸ் பேசியதில் சில வரிகளை அந்தத் துறைக்காரர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஒரு மென்பொருள் சரியானது என்று நிரூபிப்பது கணினி அறிவியலின் பல பத்தாண்டுக் கனவு. ட்ரைவர்கள் போன்ற சில முக்கிய இடங்களில் அப்படி நிரூபிக்கும் கருவிகளை இப்போது கட்டிவருகிறோம் என்றார். அவர் குறிப்பிட்டது ஸ்லாம் என்ற ஆராய்ச்சித் திட்டத்தை. மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் அதை நடத்தியவர்கள் தாமஸ் பாலும் ஸ்ரீராம் ராஜமணியும். ராஜமணி சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர், பின்னர் பெங்களூரு ஆய்வகத்துக்குத் தலைமை ஏற்றவர். கிண்டியில் படித்த ஒருவரின் ஆராய்ச்சி நீலத்திரைக்கு மருந்தானது என்பதை எழுதும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஸ்லாம் செய்தது என்ன? ஒரு ட்ரைவர் பின்பற்ற வேண்டிய விதிகள் பல. ஒரு நேரத்தில் ஒருவரே ஒன்றைத் தொட வைக்கும் பூட்டை எடுத்தால் திருப்பித் தர வேண்டும். எடுத்த பூட்டையே மறுபடி எடுக்கக் கூடாது. வந்த கோரிக்கையை முடிக்க வேண்டும், அல்லது கீழே அனுப்ப வேண்டும், இரண்டையும் செய்யக் கூடாது. ட்ரைவரின் ஆயிரக்கணக்கான வரிகளில் எந்த வழியாகப் போனாலும் இந்த விதி மீறப்படாதா என்று சோதித்துச் சொல்வது மனிதக் கண்ணுக்கு முடியாத வேலை. ஸ்லாம் முதலில் அந்த நிரலை மிகச் சிறியதாகச் சுருக்கும். எல்லா மாறிகளையும் தூக்கி எறிந்துவிட்டு, விதிக்குத் தொடர்புள்ள ஆம், இல்லை கேள்விகளை மட்டும் வைத்துக்கொள்ளும். சுருக்கிய நிரலில் எல்லாப் பாதைகளையும் நடந்து பார்க்கும். மீறல் ஒன்று தென்பட்டால், அது உண்மை நிரலிலும் நடக்கக்கூடியதா என்று திரும்பிப் போய்ச் சரிபார்க்கும். நடக்காது என்றால் சுருக்கியதில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். அந்த விட்டுப்போன கேள்வியைச் சேர்த்துக்கொண்டு மறுபடி தொடங்கும். தன் பிழையிலிருந்தே தன்னைத் திருத்திக்கொள்ளும் இந்த முறைதான் அதன் உயிர். ட்ரைவர் எழுதுகிறவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் கருவித்தொகுப்பிலேயே பின்னர் அது சேர்ந்தது. பாலுக்கும் ராஜமணிக்கும் 2011-ல் கணினிவழிச் சரிபார்ப்புத் துறையின் சி.ஏ.வி. விருது கிடைத்தது.

லோகோ என்பது பொருள் செய்து முடித்தபின் வைக்கும் தேர்வு. இது எழுதும்போதே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவது. வின்ஹெக்கின் 17 ஆண்டில் மைக்ரோசாஃப்ட் ட்ரைவர் எழுதுகிறவர்களுக்குச் செய்த மிகப் பயனுள்ள உதவி இதுவென்பது என் கருத்து.

லாங்ஹார்ன் ஆண்டுகள்

2003 மே மாதம் நியூ ஆர்லியன்ஸில் நடந்த மாநாடு கனவுகளின் உச்சம். லாங்ஹார்ன் என்ற குறிப்பெயரில் அடுத்த விண்டோஸ். ஹெச்.பி.யோடு சேர்ந்து வடிவமைத்த ஏதென்ஸ் என்ற மாதிரிக் கணினி. அதோடு பல்லேடியம் என்ற பெயரால் ஏற்கெனவே சர்ச்சையைக் கிளப்பியிருந்த பாதுகாப்புத் திட்டத்தின் செயல்விளக்கம். கணினிக்குள் பூட்டிய ஓர் அறையை வன்பொருளின் துணையோடு கட்டி, விண்டோஸே கெட்டுப்போனாலும் அந்த அறைக்குள் இருப்பது பத்திரமாக இருக்க வேண்டும் என்பது எண்ணம். பூட்டின் சாவி பயனரிடமா, நிறுவனத்திடமா என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

2005-க்குள் அந்தத் திட்டம் தேய்ந்து, கணினி துவங்கும்போது சரிபார்ப்பதும் டிஸ்க்கைப் பூட்டுவதும் மட்டும் மிஞ்சின. பிட்லாக்கர் என்று நாம் அறிவது அதன் மிச்சம். மதர்போர்டில் டி.பி.எம். என்ற பாதுகாப்புச் சிப் ஒன்று இருக்க வேண்டும் என்ற கோரிக்கையும் நிலைத்தது. 2021-ல் விண்டோஸ் 11 வந்தபோது டி.பி.எம். 2.0 இல்லாத கணினிகளுக்கு அதிகாரபூர்வமாகக் கதவு மூடப்பட்டது. நன்றாக ஓடும் கணினி தகுதியற்றது என்று காட்டப்பட்டு 2021-ல் கோபப்பட்டவர்கள் பலர். அதன் வேர் நியூ ஆர்லியன்ஸ் வரை போகிறது.

2005 ஏப்ரல் சியாட்டில் மாநாட்டில் விண்டோஸ் எக்ஸ்பி-யின் 64 பிட் பதிப்பு அறிமுகமானது. உடன் வந்த லாங்ஹார்ன் முன்பதிப்பு பலரை ஏமாற்றியது. முந்தைய ஆண்டு ஆகஸ்டில்தான் அந்தத் திட்டத்தை ஏறக்குறைய முதலிலிருந்து மீண்டும் தொடங்கியிருந்தார்கள். 2003-ல் காட்டிய பளபளப்பில் பெரும்பகுதி அதில் இல்லை. 2006 மே மாநாட்டில், விஸ்டா என்று பெயர் பெற்றுவிட்ட லாங்ஹார்னின் இரண்டாம் பீட்டா வந்தது. லேப்டாப் மூடியின் மேல் இன்னொரு குட்டித்திரை, ஃபிளாஷ் நினைவகத்தோடு இணைந்த ஹார்டு டிஸ்க் என்று விஸ்டா காலத்தில் வன்பொருள்காரர்களிடம் கேட்டவை பல. குட்டித்திரையைச் செய்தவர்கள் சிலரே, வாங்கியவர்கள் அதைவிடக் குறைவு. கேட்டதையெல்லாம் செய்யும் காலம் போய்விட்டது என்பதன் அறிகுறி அது.

பெரிய அடி கிராஃபிக்ஸ் பக்கமிருந்து வந்தது. விஸ்டா கிராஃபிக்ஸ் ட்ரைவரின் அமைப்பையே மாற்றிவிட்டது. கார்டு நிறுவனங்கள் கிட்டத்தட்டப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. லாங்ஹார்ன் மாறிக்கொண்டே இருந்ததால், எதற்கு எழுதுவது என்பதும் மாறிக்கொண்டே இருந்தது. 2007 ஜனவரி 30 அன்று விஸ்டா கடைக்கு வந்தபோது பல ட்ரைவர்கள் பச்சையாகவே இருந்தன. விஸ்டா ஓடும் என்று ஒட்டிய வில்லை பற்றி சியாட்டிலில் தொடுக்கப்பட்ட வழக்கில் மைக்ரோசாஃப்டின் உள் ஆவணங்கள் வெளிவந்தன. 2007-ல் பதிவான விஸ்டா முடக்கங்கள் பற்றிய அந்தக் கணக்கில் ஏறத்தாழ 29 விழுக்காடு என்விடியா ட்ரைவர்களின் பெயரில் இருந்தது. புதிய கிராஃபிக்ஸ் மாதிரியைத் தாங்க முடியாத இன்டெல் 915 சிப்செட்டுக்கும் அந்த வில்லை கிடைக்கும்படி விதியைத் தளர்த்தியதும் அதே வழக்கில் அம்பலமானது. எனக்கு இந்த இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது. பிழையுள்ள ட்ரைவரைத் திருத்திவிடலாம். வின்ஹெக்கின் முழு அதிகாரமும் லோகோவின் மேல் நின்றது; அந்த லோகோவை வணிக நெருக்கடிக்காக வளைத்தபின் மேடையில் நின்று “விதிப்படி செய்யுங்கள்” என்று சொல்வதற்கு என்ன எடை இருக்கும்?

நின்றுபோனது

2008 நவம்பர் 5 முதல் 7 வரை லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்தது பழைய வரிசையில் கடைசி மாநாடு. முந்தைய வாரம் அதே நகரில் மென்பொருள் எழுதுவோருக்கான மாநாட்டில் விண்டோஸ் 7 ஏற்கெனவே வெளிச்சத்துக்கு வந்துவிட்டிருந்தது. வன்பொருள்காரர்களுக்குச் சொன்ன செய்தி எளியது: விஸ்டாவுக்கு எழுதிய ட்ரைவர்கள் இதிலும் ஓடும். ஓடின. 2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7 பெற்ற நற்பெயரில் பாதி, விஸ்டா காலத்தில் பட்டுப் பழுத்த ட்ரைவர்களுக்குச் சேர வேண்டியது.

புதிதாக எழுத வேண்டியது எதுவும் இல்லை என்பது நல்ல செய்தி. வன்பொருள் மாநாடு ஒன்றுக்கு அதுவே இறுதிச் செய்தியாகவும் ஆகிவிட்டது. 2009-ல் வின்ஹெக் நடக்கவில்லை. உலகப் பொருளாதார நெருக்கடியைக் காரணம் காட்டுவது எளிது. அது பாதிதான் என்பேன். மேசைக்கணினியின் இடத்தை லேப்டாப் பிடித்திருந்தது, அதில் ஸ்லாட் கிடையாது. பென் டிரைவுக்கும் கீபோர்டுக்கும் யு.எஸ்.பி. பொது ட்ரைவரே போதும், தனி ட்ரைவர் எழுதும் ஆட்கள் குறைந்தார்கள். உலகின் பெரும்பாலான லேப்டாப்களைச் செய்தது குவான்டா, காம்பல் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய தைவான் நிறுவனங்கள். அவர்களோடு பேச ஒரு கூடம் தேவையில்லை, ஓர் அறை போதும். 1992-ல் அத்தனை பேரை ஓரிடத்தில் கூட்ட வைத்த காரணங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்திருந்தன. மாநாடு தன் வேலையைச் செய்து முடித்ததும் அதில் ஒரு காரணம்.

2011 செப்டம்பரில் அனஹைமில் பில்ட் என்ற புதிய மாநாடு வன்பொருளையும் மென்பொருளையும் ஒரே கூரைக்குக் கீழ் சேர்த்தது. வந்தவர்களுக்கு விண்டோஸ் 8 முன்பதிப்பு நிறுவிய சாம்சங் டேப்லெட் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். 2012 ஜூன் 18 அன்று மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் என்ற தன் சொந்தக் கணினியை அறிவித்தது. விதி எழுதுகிறவரே களத்தில் இறங்கிவிட்டார். அதுவரை விருந்தாளிகளாக இருந்த நிறுவனங்கள் அன்றிலிருந்து போட்டியாளர்கள்.

ஷென்ஜென்

அப்படியிருக்க, 2015 மார்ச் 18, 19 தேதிகளில் வின்ஹெக் ஏன் மறுபடி கூடியது? அதுவும் சீனாவில்? 1980-ல் சிறப்புப் பொருளாதார மண்டலமான ஷென்ஜெனில் பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான ஆலைகள் மலிவு விலை டேப்லெட்களைச் செய்துகொண்டிருந்தன. ஏறக்குறைய அனைத்தும் ஆண்ட்ராய்டில். 2014-ல் மைக்ரோசாஃப்ட் 9 அங்குலத்துக்குக் குறைவான கருவிகளுக்கு விண்டோஸை இலவசமாக்கியிருந்தது. 1992-ல் இருந்த நிலை மீண்டும் வந்திருந்தது: எண்ணற்ற சிறு செய்வோர், ஒழுங்குபடுத்த ஆள் இல்லை. மாநாட்டின் பெயரில் மாநாடு என்ற சொல்லுக்குப் பதில் சமூகம் என்ற சொல் ஏறியது. எழுத்துச் சுருக்கம் மாறவில்லை.

அந்தக் கூட்டத்தில்தான் விண்டோஸ் 10 அந்தக் கோடையில் 190 நாடுகளில், 111 மொழிகளில் வரும் என்று மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் பிரிவுத் தலைவர் டெர்ரி மயர்சன் அறிவித்தார். செய்தித்தாள்கள் அதைப் பிடித்துக்கொண்டன. விவரம் அறிந்தவர்கள் வேறொன்றைக் கவனித்தார்கள். கையெழுத்திட்ட இயங்குதளத்தை மட்டுமே துவங்கவிடும் செக்யூர் பூட் வசதியை அணைக்கப் பயனருக்கு வழி வைத்தே ஆக வேண்டும் என்பது இன்டெல் வகைச் சிப் வைத்த கணினிகளுக்கு விண்டோஸ் 8 கால விதி. ஷென்ஜெனில் காட்டிய விதிகளில் அது கணினி செய்வோரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. லினக்ஸ் வட்டாரத்தில் கவலை எழுந்தது. ஒரு வரியில் ஒரு சொல் மாறினால் யார் வீட்டுக் கதவு மூடும் என்பதை ஏ.சி.பி.ஐ. காலத்திலேயே பார்த்தவர்கள் அவர்கள்.

2016 டிசம்பரில் மறுபடியும் ஷென்ஜெனில் கூடினார்கள். குவால்காமின் ஸ்னாப்டிராகன் சிப்பில், அதாவது கைபேசிக்கான ஆர்ம் வகைச் சிப்பில், முழு விண்டோஸ் 10 ஓடியது. இன்டெல் வகைச் சிப்புகளுக்காக எழுதிய ஃபோட்டோஷாப்பையும் அதில் ஓட்டிக் காட்டினார்கள். ஒவ்வொரு கட்டளையையும் போகிறபோக்கில் மொழிபெயர்த்து ஓட்டும் ஏற்பாடு அது. ஓராண்டு கழித்து ஹெச்.பி.யும் ஏசுஸும் அந்த வகையில் முதல் லேப்டாப்களை அறிவித்தன.

ஃபோட்டோஷாப் போன்ற செயலிகளை அப்படி மொழிபெயர்த்துவிடலாம். விண்டோஸின் கருவுக்குள் ஓடும் ட்ரைவரை முடியாது. அது ஆர்ம் சிப்புக்கென்றே மறுபடி எழுதப்பட வேண்டும். அதனால் அந்தப் புத்தம்புது லேப்டாப்பை வாங்கி, வீட்டிலிருந்த பழைய பிரிண்டரை யு.எஸ்.பி. ஒயரால் இணைத்துப் பார்த்தவர்களில் சிலருக்குப் பிரிண்டர் அசையவில்லை. அதைச் செய்த நிறுவனம் ஆர்முக்கு ட்ரைவர் எழுதியிருக்கவில்லை. அவர்கள் போய்த் திட்டியது விண்டோஸை.